அக்காவின் டெபாசிட்டில் தம்பி பெயர்

என் கணவர் அமெரிக்கக் குடிமகன் என்று சொன்னால் மதுரையில் யாரும் லேசில் நம்ப மாட்டார்கள். கோச்சடையில் வாடகை வீடு, உதைத்தால்தான் கிளம்பும் ஸ்கூட்டர், காலையில் லுங்கியோடு போய்ப் பால் பாக்கெட் வாங்கி வருகிற ஆள். நம்பியவர்கள் பண்ணுகிற தொல்லை வேறு. நான் வேலை பார்க்கும் மிஷன் பள்ளியில், "உங்களுக்கென்ன டீச்சர், வீட்டுல டாலரு காய்க்குது" என்பார்கள். காய்க்கவில்லை, கடிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். ஜோக் அடிக்கிறேன் என்று சிரித்தார்கள். பிறகு சொல்வதை விட்டுவிட்டேன்.

அவர் கம்ப்யூட்டர் வேலைக்கு அங்கே போனவர். வேலை போனால் மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில் வருடக்கணக்காக இருந்தவர், குடியுரிமை கிடைத்ததும் வாங்கிக்கொண்டார். அந்தச் சமயத்தில் எல்லாரும் செய்ததுதான். பிறகு மாமனாருக்குப் பக்கவாதம் வந்து படுக்கையானதும் வேலையை உதறிவிட்டு ஊருக்கு வந்தார். அதற்கப்புறம்தான் எங்கள் கல்யாணம், இரண்டு பேருக்கும் கொஞ்சம் வயதான பிறகு. அதனால் அமெரிக்காவை நான் பார்த்ததே இல்லை. விமானத்தில் ஏறியதுகூட இல்லை.

பார்க்காத ஊர் என் வீட்டுக்குள் இப்படி வந்து உட்காரும் என்று நினைக்கவில்லை. மற்ற நாட்டுக்காரன் ஊரை விட்டுப் போய்விட்டால் அவனுடைய அரசாங்கம் பெரும்பாலும் அவன் சம்பளத்தை மறந்துவிடும். அமெரிக்கா மறக்காது. அதன் குடிமகன் மதுரையில் இருந்தாலும் மடகாஸ்கரில் இருந்தாலும், என்ன சம்பாதித்தான், எந்தெந்த வங்கியில் அவன் பெயர் இருக்கிறது என்று வருடா வருடம் எழுதிக் கொடுக்க வேண்டும். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும், சம்பந்தி வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று தினமும் போன் போட்டுக் கேட்கிற தகப்பன் மாதிரி. வரி பெரும்பாலும் வராது. வரி இல்லை என்று நிரூபிப்பதற்குத்தான் செலவு. அதற்கு அங்கே ஒரு கணக்காளர் அம்மா உண்டு. அவரிடம் விடியற்காலையில் பேச வேண்டும், அங்கே அப்போதுதான் சாயங்காலம். நான் காபி ஆற்றிக்கொண்டு நிற்பேன். இவர் வாத்தியாரிடம் அடி வாங்கப் போகிற பையன் முகத்தோடு போனைக் காதில் வைத்திருப்பார்.

அங்கே இருந்த வங்கி, கோச்சடை முகவரியைக் கண்டதும் கணக்கை முடித்து அனுப்பியது. இங்கே மியூச்சுவல் ஃபண்டில் போடலாம் என்று போனால், அமெரிக்கக் குடிமகன் என்ற கட்டத்தில் டிக் அடித்ததைப் பார்த்து விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தார்கள். பேசாமல் அந்தக் குடியுரிமையைத் தூக்கி எறியுங்கள் என்று நானே கத்தியிருக்கிறேன். அதற்கும் கட்டணம் உண்டு. அதை விட்டுவிட்டால் இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும், நடுவில் எந்த நாட்டுக்காரனுமாக இல்லாமல் தொங்க நேரலாம் என்று இங்கிருக்கும் ஆடிட்டர் பயமுறுத்தி வைத்திருந்தார். இவர் இயல்பிலேயே பயந்த மனிதர். பயந்த மனிதர்கள் சட்டத்துக்கு நல்ல இரை.

இதெல்லாம் எங்கள் பாடு. எப்படியோ சகித்துக்கொண்டோம். நான் சொல்ல வந்தது இவருடைய அக்காவின் பாடு.

என் நாத்தனார் ஒத்தக்கடையில் இருக்கிறார். அவர் கணவர் வேலைக்குப் போகும் வழியில் லாரி மோதி இறந்துபோனார். கல்லூரியில் காலெடுத்து வைத்திருந்த ஒரே மகள். நஷ்டஈடாகவும் அலுவலகத்திலிருந்தும் வந்த பணம்தான் அந்த இரண்டு பெண்களுக்கும் எல்லாம். மகள் கல்யாணத்துக்கென்று அதை அப்படியே டெபாசிட்டில் போட முடிவு செய்தார்.

எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. விதவையான பெண்ணின் பணத்தை அவள் பெயரில் மட்டும் போட மாட்டார்கள். கூடவே ஒரு ஆண் பெயர் இருக்க வேண்டும், அதுவும் முதல் பெயராக. கூடப்பிறந்தவன் பெயர் என்றால் உத்தமம். வங்கிக்காரன் மதிப்பான், கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று ஊருக்கும் தெரியும். பணத்தைவிட அந்தப் பெயர்தான் பாதுகாப்பு என்று நினைப்பார்கள்.

சிம்மக்கல் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். படிவத்தை அங்கிருந்த ஊழியரே நிரப்பினார்.

"முதப் பேரு யாருது?" என்று கேட்டார்.

"என் தம்பி பேரப் போடுங்க. எம்பேரு பின்னாடி இருக்கட்டும்" என்றார் நாத்தனார். சொல்லும்போது அந்த முகத்தில் ஒரு தெம்பு வந்தது. கணவரைப் புதைத்த பிறகு நான் அவரிடம் பார்த்த முதல் தெம்பு அது.

"சார் வேற நாட்டுல எதுவும் வரி கட்டுறீங்களா?" என்று கேட்ட ஊழியர், பதில் வருவதற்குள் இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்துப் பக்கத்தைப் புரட்டிவிட்டார். எல்லாருக்கும் அப்படித்தான் அடிப்பார் போல.

சில வருடம் கழித்து எல்லாருடைய விவரங்களையும் புதுப்பிக்கிறோம் என்று வங்கியிலிருந்து செய்தி வந்தது. இவர் போனார். அந்தக் கட்டத்தைப் பார்த்ததும், "இது தப்பா இருக்கே, நான் அமெரிக்கக் குடிமகன்" என்றார். கவுண்டரில் இருந்த பெண் நல்ல பெண். "விடுங்க சார், இருக்கிறபடியே இருக்கட்டும். எதுக்கு வம்பு?" என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். இவர் கேட்கவில்லை. திருத்தி எழுதி, அமெரிக்க வரி எண்ணையும் கொடுத்துவிட்டு வந்தார். நேர்மையில் பெருமை வேறு. அன்று சாப்பிடும்போது அதை என்னிடம் விவரித்துச் சொன்னார். எனக்கு என்ன தெரியும், நானும் ரசம் ஊற்றிக்கொண்டே தலையாட்டினேன்.

அக்காவின் பணம்தானே என்று அந்த டெபாசிட்டை இவர் அமெரிக்காவுக்கு எழுதிக் கொடுத்ததே இல்லை. அடுத்த விடியற்காலைப் பேச்சில் அதைச் சொன்னதும் கணக்காளர் அம்மாவின் குரல் போனுக்கு வெளியே எனக்கே கேட்டது. அக்காவின் பணமாக இருக்கலாம், ஆனால் முதல் பெயர் உங்களுடையது, ஆகவே அது உங்கள் கணக்கு. வட்டியும் உங்கள் வட்டி என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். வங்கி இனி அதை அமெரிக்காவுக்குத் தெரிவித்துவிடும். இத்தனை வருடம் சொல்லாமல் விட்டதற்கு அபராதம் போட்டால் டெபாசிட்டில் பாதி போனாலும் போகும். உடனே பழைய வருடங்களுக்கெல்லாம் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தக் கணக்கிலிருந்து பெயரை எடுங்கள். இதுதான் அவர் சொன்னது.

எழுதிக் கொடுத்தோம். அதற்கு ஆன கட்டணத்துக்கு என் வளையல்கள் அடகுக்குப் போயின. அது போனால் போகட்டும். அக்காவிடம் போய்ப் பெயரை எடுக்க வேண்டும் என்று சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. இவர் பல வாரம் தள்ளிப்போட்டு, கடைசியில் ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு ஒத்தக்கடைக்குப் போனார்.

அமெரிக்கச் சட்டத்தை என் நாத்தனாருக்கு விளக்குவதைவிட ஆறாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா நடத்திவிடலாம். இவர் சொல்லச் சொல்ல அவர் முறத்தில் இருந்த உளுந்தைப் புடைத்துக்கொண்டே இருந்தார்.

"எம் பணத்துக்கும் அமெரிக்காவுக்கும் என்னடா சம்பந்தம்?"

"உன் பணத்துக்கு இல்லக்கா. எம்பேருக்கு."

"ஓம்பேரு நம்ம அப்பா வச்ச பேரு. அமெரிக்காக்காரனுக்கு என்ன வந்துச்சு?"

நான் குறுக்கே புகுந்தேன். "மதினி, உங்க மக பேரச் சேத்துக்கோங்க. படிச்ச புள்ள, வெவரமா பாத்துக்கிரும்" என்றேன்.

"கட்டிக்குடுத்தா போயிருவா. பொட்டப்புள்ள பேரப் போட்டு என்ன ஆகப்போகுது?"

"அப்பன்னா எம்பேர வேணும்னாலும் போடுங்க. எனக்கு அமெரிக்கா கிமெரிக்கா ஒண்ணும் கெடையாது."

முறம் நின்றது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். "அதான பாத்தேன்" என்றார். "தம்பி பேர எடுத்துட்டு ஓம்பேரப் போடணும். அதுக்குத்தான் ரெண்டு பேரும் இம்புட்டுத் தூரம் வந்தீகளா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொல்லாத வாய் எனக்கு. ஆனாலும் அன்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். எங்கள் ஊரில் உடன்பிறந்தாளின் கணக்கிலிருந்து ஒருவன் தன் பெயரை எடுக்கிறான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தம். நாங்கள் எத்தனை விளக்கினாலும் அவர் காதில் அது ஒன்றுதான் விழுந்தது.

பெயரை எடுப்பதற்காக டெபாசிட்டை உடைக்கிற அன்று நாத்தனார் வங்கிக்கு வந்து, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். எங்களோடு திரும்பவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்துத் தனியாகப் போனார்.

பெயர் ஒன்று இல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. தம்பி இல்லையென்றால் அடுத்து யார்? கணவரின் தம்பி. அந்தக் கொழுந்தனைப் பற்றி அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அண்ணன் இறந்த வீட்டிலேயே அண்ணனுடைய பைக் எனக்கு என்று கேட்டு வாங்கிப் போனவன். நரிக்கு நாட்டாமை கொடுத்தால் கிடைக்கு எட்டு ஆடு கேட்கும் என்பார்கள். புது டெபாசிட், அதோடு சேர்ந்த சேமிப்புக் கணக்கு, இரண்டிலும் அவன் பெயரைச் சேர்த்தார். யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்ற ஏற்பாடு. வங்கியிலிருந்து செய்தி வருவதற்கு அவன் போன் நம்பரையே கொடுத்தார்கள், நாத்தனாருக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியாது என்று. இவருக்குத் தெரிந்தபோது போய்ச் சண்டை போடச் சொன்னேன். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?" என்றார்.

மகள் படித்து முடித்து, வரன் அமைந்தது. நிச்சயதார்த்தத்துக்குச் சர்ச் சபையாரோடு சபையாராக எங்களுக்கும் பத்திரிகை வந்தது. தாய்மாமனை நேரில் வந்து அழைக்காமல் பத்திரிகையா என்று இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போனோம். பின் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் போதகர் சபைக்கு முன்னால் சொல்லி, ஆட்சேபணை உண்டா என்று கேட்பார். முதல் ஞாயிறு வாசித்தார்கள். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

அந்த வாரம் நகை எடுக்கப் பணம் வேண்டும் என்று நாத்தனார் வங்கிக்குப் போயிருக்கிறார். டெபாசிட் முதிர்ந்து சேமிப்புக் கணக்குக்கு வந்திருந்தது. வந்த சூட்டோடு சூடாகக் கொழுந்தன் அம்புட்டையும் எடுத்திருந்தான். ஏதோ வியாபாரத்தில் போட்டேன், தந்துவிடுகிறேன் என்று ஒரு நாள் சொன்னான். அப்புறம் போனை எடுக்கவில்லை. கையெழுத்துப் போட அவனுக்கு உரிமை இருந்தது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள் வங்கியில்.

எங்களுக்கு இது தெரியாது. அடுத்த ஞாயிறு வழக்கம்போல் ஆராதனைக்குப் போனோம். அறிவிப்புகள் முடிந்து போதகர் ஓலைகளை வாசித்தார். வேறு இரண்டு ஜோடிகளின் பெயர் வந்தது. எங்கள் பிள்ளையின் பெயர் வரவில்லை. விட்டுப்போயிற்று என்று நினைத்து இவர் எழுந்திருக்கப் பார்த்தார். பெண்கள் பக்கத்திலிருந்து நான் கையைக் காட்டி உட்காரச் சொன்னேன். அதற்குள் முன் வரிசையிலிருந்து பின் வரிசை வரைக்கும் தலைகள் திரும்ப ஆரம்பித்துவிட்டன. நாத்தனாரும் மகளும் ஆலயத்துக்கே வந்திருக்கவில்லை.

நேராக ஒத்தக்கடைக்குப் போனோம். மாப்பிள்ளை வீட்டார் முதல் நாள் வந்து, பணம் போனதைக் கேட்டுவிட்டு, ஜெபம் பண்ணிவிட்டு, மரியாதையாகவே விலகிக்கொண்டார்களாம். மகள் உள்ளே படுத்திருந்தாள். நாத்தனார் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, கடன் வாங்கியாவது நான் நடத்திவைக்கிறேன். அவன் மேல கம்ப்ளெயின்ட் குடுப்போம்" என்றார் இவர்.

"எதுக்குடா? அவன் களவாணி. அது தெரிஞ்சுதான் அவன் பேரப் போட்டேன். வேற ஆரு இருந்தா எனக்கு?"

"நான் வேணும்னு செய்யலக்கா. சட்டம் அப்பிடி."

"அமெரிக்காக்காரன் எவனோ கேட்டான்னு அக்கா கூட இருந்த ஓம்பேர எடுத்துட்ட." அவர் அழவில்லை, சத்தம் போடவுமில்லை. தம்பியை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். "நாளைக்கு அவனே ஒனக்கு அக்கா இருக்காளான்னு கேட்டா, என்னன்னுடா எழுதிக் குடுப்ப?"