சேற்றுக்கும் ரோட்டுக்கும் ஒரே டயர்

முன்பின் தெரியாத ஆளிடம் "நீங்க எங்கெல்லாம் போவீங்க?" என்று கேட்கும் உரிமை டயர்க் கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் உண்டு; வேறு யார் கேட்டாலும் சண்டை வரும்.

எங்கள் கடை தக்கலை தாண்டி நெடுஞ்சாலையோரம் இருக்கிறது. டயர் கழற்றி மாட்டுகிற வேலை என் அண்ணனுடையது. பேசி விற்பது நான். ஒரே வண்டியில் மலைக்கும் போக வேண்டும், மார்க்கெட்டுக்கும் போக வேண்டும் என்று நினைத்து டயர் வாங்கப் போய்த் தலை சுற்றி நின்றவர்களே, கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருப்பவளுக்கும் அதே தலைசுற்றல்தான். சத்தமில்லாமல் ஓடுகிற ரோட்டு டயர் ஒன்று. கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த சேற்று டயர் ஒன்று. நடுவில், இரண்டு வேலையையும் கொஞ்சம் கொஞ்சம் செய்கிற டயர் ஒன்று. அவ்வளவுதான். ஆனால் இதில் எது என்று சொல்வதற்குள் வந்தவரின் வாழ்க்கையையே விசாரித்துவிட வேண்டியிருக்கிறது. எனக்கோ விசாரிக்கப் பிடிக்கும்.

மழை பெய்த ஏற்றம்

ராஜமணி அண்ணன் பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் ஜீப் ஓட்டுகிறவர். காலையில் பால் வெட்டுகிறவர்களை ஏற்றிக்கொண்டு போவார். திரும்பும்போது ரப்பர் ஷீட்டைக் கீழே கொண்டுவருவார். பாதை பெரும்பாலும் தார் ரோடு. தோட்டத்துக்குள் மட்டும் செம்மண். அதனால் எப்போதும் ரோட்டு டயர்தான் கேட்பார். "மழையில என்ன செய்வீங்க?" என்று கேட்டால், "மழையில ரப்பரு வெட்ட மாட்டாவ, எனக்கும் லீவுதான்" என்று சிரிப்பார்.

ஒரு நாள் வெயில் பார்த்து வெட்டப் போன இடத்தில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. அதே நேரம் செல்லம் என்ற பெண்ணை மரத்தடியில் குளவி கொட்டியிருக்கிறது. ஒன்றல்ல, கூட்டமாக. முகம் வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அவளை ஜீப்பில் படுக்க வைத்துக் கிளம்பினால், நடுவில் ஒரு சின்ன ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. சக்கரம் சுற்றுகிறதே தவிர வண்டி நகரவில்லை. டயரின் பள்ளமெல்லாம் சேறு அடைத்து, மெழுகின தரை மாதிரி ஆகிவிட்டது. பின்னால் நின்று தள்ளியவர்கள் முழங்கால் வரை சேற்றில் புதைந்து வழுக்கி விழுந்தார்கள். அப்போது ராஜமணி அண்ணன் ஷீட் அடிக்கிற ஷெட்டிலிருந்து கயிற்றுச் சுருளை எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். நல்ல தடித்த தேங்காய்நார்க் கயிறு. ரிம் ஓட்டைகள் வழியாக நுழைத்துப் பின் சக்கரங்கள் இரண்டையும் சுற்றிச் சுற்றிக் கட்டினார்கள். வண்டி முக்கி முனகி ஏறிவிட்டது. தார் ரோட்டைத் தொடும்போது கயிறு நாராய்ப் பிய்ந்து தொங்கியதாம். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், செல்லம் பிழைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவர் கடைக்கு வந்தபோது ரிம்மில் அப்போதும் கயிற்றுத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. எப்படிச் சுற்றினீர்கள், முடிச்சு எங்கே போட்டீர்கள், பிரேக்கில் இடிக்கவில்லையா என்று நான் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில், "இனி எந்த டயரு வேணும் அண்ணே? ஓட்டம் இப்பவும் தார் ரோட்டுலதானே?" என்றேன். அவர் சொன்னார்: "ஓடுறது ரோட்டுலதாம்மா. நிக்கது சேத்துலயாக்கும். நிக்குத எடத்துக்கு உள்ள டயரத் தாரும்."

மாப்பிள்ளை வருகிற சத்தம்

சேற்று டயரைப் பற்றி நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது சத்தம். தார் ரோட்டில் வேகம் எடுத்தால் பட்டன்கள் ஒவ்வொன்றாகத் தரையை அடித்து, வண்டு மாதிரி இரைச்சல் போடும். துபாயிலிருந்து லீவில் வந்த ஜெபின் காதில் அது ஏறவில்லை. அங்கே பாலைவனத்தில் ஓட்டிப் பழகியவன். "பாக்கக் கெத்தா இருக்கணும் எக்கா" என்று ஜீப்புக்கு நான்கு சேற்று டயர்களை மாட்டிக்கொண்டு போனான். ஒரே மாதத்தில் வாடிய முகத்தோடு திரும்பி வந்தான். களியக்காவிளைப் பக்கம் பெண் பார்க்கப் போனார்களாம். பின் சீட்டில் இருந்த அம்மா, மாவு மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று வழியெல்லாம் திட்டியிருக்கிறார். பெண் வீட்டிலும் இந்தச் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். மானம் போயிற்று, ரோட்டு டயராக மாற்றுங்கள் என்றான்.

அண்ணன் ஜாக்கி வைக்கப் போகும்போது ஜெபினுக்குப் போன் வந்தது. வெளியே போய்ப் பேசினான். நான் பில் போடாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பயம், பிறகு சிரிப்பு, பிறகு வெட்கம். பேசியது அந்தப் பெண்தான். சம்மதம் சொல்லிவிட்டாள். உள்ளே வந்து, "எக்கா, டயர மாத்தாண்டாம்" என்றான். ஏன் என்று கேட்காமல் என்னால் இருக்க முடியுமா? அவன் அப்படியே சொன்னான்: "சத்தம் கொள்ளாமாம் எக்கா, அவளுக்குப் பிடிச்சிருக்காம். நான் வளைவு திரும்புதது கேட்டதுனாலதான் அவளுக்கு நைட்டிய மாத்தி சேலை உடுக்க நேரம் கிடைச்சுதாம்."

மணலும் காற்றும்

தேங்காய்ப்பட்டணத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அங்கே மீன் எடுத்து விற்கிற நூகு காக்காவின் பிக்கப் வண்டி கடற்கரை மணலில் அடிக்கடி புதையும். "இருக்கதுலயே பெரிய பட்டன் வச்ச டயரு தா தங்கச்சி" என்று வந்தார். மணலுக்குப் பெரிய பட்டன் கூடாது, அது மணலைத் தோண்டிக்கொண்டு கீழே போகும். இருக்கிற டயரிலேயே காற்றைக் குறைத்தால் அது பரந்து மிதக்கும் என்றேன். இது எனக்குக் கம்பெனிக்காரர்கள் பயிற்சியில் சொல்லித் தந்தது. நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆகவே, அவர் நம்பாமல் விழித்தபோது, "நானும் வாறேன் காக்கா" என்று மறுநாள் அதிகாலையிலேயே கிளம்பிவிட்டேன்.

வள்ளம் வந்தது. ஐஸ் போட்டுப் பெட்டி பெட்டியாகச் சாளை மீன் ஏற்றினார்கள். வண்டி புதைந்தது. நான் ஒவ்வொரு டயராக வால்வை அமுக்கி, டயர் கொஞ்சம் தொப்பை போடும்வரை காற்றை விட்டேன். சுற்றிலும் நின்றவர்கள் சிரித்தார்கள். காக்கா வண்டியை எடுத்தார். அது குழியிலிருந்து மெல்ல எழுந்து, மணல் மேல் அலுங்காமல் ஊர்ந்து போனது. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. ரோடு வந்த பிறகுதான், அந்தக் காற்றோடு ரோட்டில் ஓடினால் டயர் சூடாகி வெடித்துவிடும் என்பதும், காற்று அடிக்க எங்களிடம் ஒன்றும் இல்லை என்பதும் நினைவுக்கு வந்தன. பஞ்சர் கடை திறந்திருக்கும் இடம்வரை மாட்டு வண்டி வேகத்தில் போனோம். பின்னால் ஐஸ் உருகி ஒழுகிக்கொண்டே வந்தது. எங்களுக்குப் பின்னால் புறப்பட்ட வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்துத் தாண்டிப் போயின. சந்தையில் நல்ல விலை போகிற நேரம் முடிந்திருந்தாலும் மீன் கெடவில்லை. கடைசிப் பெட்டியையும் விற்றுவிட்டுக் காக்கா கேட்டார்: "காத்த எறக்கப் படிப்பிச்ச கம்பெனிக்காரன் ஏத்தப் படிப்பிக்கலியா தங்கச்சி?"

ஒரு மனைவியின் சாட்சியம்

நாகர்கோவிலிலிருந்து ஒரு வங்கி அதிகாரி பெரிய காரில் மனைவியோடு வந்தார். மலைப்பாதைக்கு ஏற்ற முரட்டு டயர் வேண்டும், கல் குத்தினாலும் பக்கச் சுவர் கிழியக் கூடாது, ஆற்றில் இறங்கினாலும் பிடிக்க வேண்டும் என்று ஆர்வமாக அடுக்கிக்கொண்டே போனார். எந்த மலை, எந்த ஆறு என்று நான் கேட்டேன். "போகணும்" என்றார். மனைவி அதுவரை எங்கள் கடைக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "இவிய வடசேரி முக்குல கெட்டி நிக்க தண்ணியவே சுத்திப் போறவிய."

கோட்டைச் சுவர் அருகே

சேகர் பத்மநாபபுரம் அரண்மனை பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களைத் தன் ஜீப்பில் மலைப்பக்கம் கூட்டிப்போய்க் காட்டுகிறவர். பயணிகள் படம் எடுத்துக்கொள்ள வண்டி முரட்டுத்தனமாகத் தெரிய வேண்டும் என்று, யாரோ பயன்படுத்திய சேற்று டயர்களை வாங்கி மாட்டியிருந்தார். காட்டில் அவை நன்றாகத்தான் பிடித்தன. சேற்றில் கடிக்கிற அந்தக் கட்டைகள் நனைந்த தார் ரோட்டில் வழுக்கும் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. பட்டன்களுக்கு இடையில் காலி இடம் அதிகம். ரோட்டைத் தொடுகிற ரப்பர் குறைவு. அந்த ரப்பரும் பழசாகி இறுகியிருந்தது.

சாரல் மழை. அரண்மனையைச் சுற்றிய கோட்டைச் சுவரை ஒட்டிய திருப்பத்தில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் ரோட்டைக் கடந்திருக்கிறார். சேகர் பிரேக்கை மிதித்தார். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. சறுக்கிக்கொண்டே போய், அந்தப் பெண்ணின் முழங்கையை உரசி நின்றது. புல்லுக்கட்டு பானெட் மேல் விழுந்தது. அவருக்குக் காயம் ஒன்றுமில்லை. சேகர்தான் இறங்க முடியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாராம்.

அங்கிருந்து நேராக எங்கள் கடைக்கு வந்துவிட்டார். எந்த டயர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இரண்டு வேலையையும் கொஞ்சம் கொஞ்சம் செய்கிற நடு டயரை எடுத்து வைத்து, அண்ணனை மாட்டச் சொல்லிவிட்டு, தண்ணீர் கொடுத்தேன். அந்தப் பெண் திட்டினாரா என்று மட்டும் கேட்டேன். இல்லையாம். புல்லை அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு, டயரைக் குனிந்து ஒரு தடவை பார்த்தாராம். பிறகு சொன்னதைச் சேகர் ஒரு சொல் மாறாமல் என்னிடம் சொன்னார்: "பாத்தா மலையவே ஏறிப் போற வண்டி போல இருக்கு மக்கா. ஒரு மனுசியப் பாத்தா நிக்காதோ?"

ஆக, தெருவுக்கு ஒரு டயர், காட்டுக்கு ஒரு டயர் என்று கம்பெனிக்காரர்கள் பிரித்து அனுப்பிவிடுகிறார்கள். தெரு எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்பதை நம்ம ஊர் ரோட்டில் நீங்களும் நானும்தான் குலுங்கிக் குலுங்கிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.