டிஸ்சார்ஜ்

"நாளைக்குக் காலையில டிஸ்சார்ஜ்" என்று செம்பூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னதும், கட்டிலில் கிடந்த என் கணவர் சிரித்தார். எனக்கோ சிரிப்பு வரவில்லை.

தாராவியில் நான் வளர்ந்த சந்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: மில்லில் வேலை போய்விட்டது. பகலில் ஒரு வீட்டு வாசலில் ஆண்பிள்ளைச் செருப்பு கிடந்தால், "டிஸ்சார்ஜ் போல" என்று பெண்கள் குரலைத் தாழ்த்துவார்கள்.

எனக்கு எட்டு வயதில் அப்பா டைபாய்டு வந்து ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இத்தனை நாள் போகாத ஆளை மில்லில் வைத்திருப்பார்களா என்பதே அம்மாவின் பயம். அப்போதுதான் ஒரு மாலை, அப்பாவோடு வேலை பார்த்த சேவியர் மாமா, தலையெல்லாம் பஞ்சுத் தூசியும் உடம்பில் மில் காக்கியுமாக ஓடி வந்தார்.

"அக்கா, அத்தானை டிஸ்சார்ஜ் பண்ணிட்டாவ!"

சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா அப்படியே சுவரில் சாய்ந்தாள். "படுக்கையில கெடக்க மனுசன்னுகூடப் பாக்கலியே, பாவிங்க" என்று அழுதாள். மாமா திருதிருவென்று விழித்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால், அவரை முன்னால் ஓடவிட்டு மெல்ல நடந்து வந்து சேர்ந்த அப்பாவின் குரல் கேட்டது. "மில்லுல இல்லட்டி. ஆஸ்பத்திரில."

அம்மா எழுந்து மாமாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "வீட்டுக்கு விட்டுட்டாவன்னு தமிழ்ல சொன்னா என்னல?" காக்கிச் சட்டையில் ஐந்து விரலும் மாவாகப் பதிந்திருந்தன.

"ஏன் மேடம், சந்தோஷம் இல்லையா?" என்றாள் நர்ஸ்.

"வீட்டுக்குப் போகலாம்னு ஒரு தடவை சொல்லும்மா."

சொன்னாள். அப்புறம்தான் எனக்கும் சிரிப்பு வந்தது.