முப்பத்தைந்து மார்க் உபாத்தியாயர்

என் அக்கா புருஷன் வீட்டு வாசலில் 'உபாத்தியாயர்' என்று ஒரு பலகை தொங்குகிறது. அந்தச் சொல்லை வாயில் நுழைத்துப் பார்க்கத் தெருவில் யாருக்கும் பொறுமை இல்லை. 'முப்பத்தஞ்சு' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். முப்பத்துநாலு வாங்கியவனைப் பாஸ் போட்டார் என்று அவர்மேல் யாரும் பழி சொல்ல முடியாது. ஓய்வு பெற்ற பிறகும் சிவப்புப் பேனா சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. அக்கா சமையலுக்கும் மார்க் உண்டு, நாற்பதைத் தாண்டியதில்லை. நானாக இருந்தால் கரண்டியாலேயே பதில் சொல்லியிருப்பேன்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் மகள் வந்து நின்றாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, முப்பது வயது. கட்டினால் வெல்டிங் பட்டறைக்காரரைத்தான் கட்டுவேன் என்றாள். அவரோ அத்தானிடம் ஏழாம் வகுப்புக் கணக்கில் பெயிலாகி, அதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர்.

"பெயிலானவனுக்கா என் பொண்ணு?" என்று குதித்தார் அத்தான். "அதே பேப்பர் என்கிட்ட பத்திரமா இருக்கு. எழுதிப் பாஸ் பண்ணட்டும், அப்புறம் பேசலாம்."

கூத்தைக் கேளுங்கள்! ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் பரீட்சை. பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் மனிதர், காய்த்துப்போன விரல்களில் பேனாவைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வியர்த்துக் கொட்டினார். நான் ஃபேனைப் போட்டேன். தாள் பறக்கும் என்று அத்தான் அணைத்தார்.

திருத்தி முடித்தார். முப்பத்துமூன்று.

"ரெண்டே மார்க்குப்பா!" மகள் கெஞ்சினாள்.

"போட்டுவிடுங்க அத்தான்" என்றேன்.

"பெத்த பொண்ணே கேட்டாலும் சட்டம் சட்டம்தான்" என்று மீசையைத் தடவினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகள் தாளை வெடுக்கென்று பிடுங்கினாள். "அப்பா, பின்பக்கம் ஒரு கணக்கு இருக்கு. நீங்க திருத்தவே இல்ல."

அத்தான் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். விடை சரி. எட்டு மார்க். "புரட்டாம விட்டுட்டேன் போல" என்று முனகியபடி நாற்பத்தொன்று என்று திருத்தினார். அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டாள்.

பட்டறைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "அன்னைக்கும் இடம் பத்தாம அந்தக் கணக்கைப் பின்பக்கம்தான் சார் எழுதினேன்."

அத்தான் முகம் வெளுத்தது. "அப்பவே சொல்றதுக்கென்னடா?"

"சொல்லத்தான் சார் வந்தேன். கையை நீட்டச் சொல்லிட்டீங்க."