குற்றாலத்தில் குளித்துவிட்டு டிரில் வாங்கிய கதை

எலும்பு செதுக்க எந்தச் சுழல் கருவி கைக்குச் சுகம் என்று வாரம் இரண்டு பேராவது கேட்டு எழுதுகிறீர்கள். 1963 ஆடியில் அதற்காக ஒரு பயணம் போய் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

அப்போது ராயகிரியில் மாட்டெலும்பில் கத்திப் பிடியும் கொண்டை ஊசியும் செய்துகொண்டிருந்தேன். எல்லாம் அரமும் உளியும்தான். இருபத்தாறு வயதிலேயே வலது கட்டைவிரல் வலியெடுத்து மரத்துப்போய், சோறு பிசைய முடியவில்லை. இன்னும் ஆறு மாதம் அரம் பிடித்தால் கை உதவாமல் போய்விடும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வேறு தொழில் தெரியாது. கல்யாணமாகி ஒரு வருஷம். பயந்துபோனேன்.

தென்காசியில் ஒரு பல் டாக்டர் கரண்ட் மெஷின் வாங்கிவிட்டதால் பழைய கால்மிதி டிரில்லை விற்கிறார் என்று கேள்வி. காலால் மிதித்தால் சக்கரம் சுற்றும். நீண்ட வளைகுழாயின் நுனியில், பிடிக்குள் ஊசி சுழலும். ஆறேகால் பஸ், இருபத்தெட்டு மைல், டிக்கெட் ஒரு ரூபாய். எட்டேகாலுக்கு இறங்கினால் டாக்டர் கடை பூட்டு!

பக்கத்து ஜவுளிக்கடை அண்ணாச்சி, "சாரல் விழுதுல்லா? ஐந்தருவில குளிச்சிக்கிட்டிருப்பாரு" என்றார்.

"பல்வலின்னு வாறவங்க?"

"அவங்களும் அங்கனதான்."

குற்றாலத்துக்கு மூன்று மைல் பஸ். அங்கிருந்து ஐந்தருவிக்கு வண்டி கிடைக்காமல் தூறலில் நடை. எண்ணெய் பூசிக்கொண்டு நின்ற கூட்டத்தில், முன்பின் பார்த்திராத டாக்டரை எங்கே தேடுவது? ஒரு மணி நேரம் அலைந்து பிடித்தேன். விஷயத்தைச் சொன்னால் மனிதர் அசையவே இல்லை.

"என்னவே, இவ்வளவு தூரம் வந்து குளிக்காமலா போவீரு? முதல்ல எண்ணெயத் தேயும்வே!"

தேய்ப்பவர் என் கையைப் பிழிந்து எடுத்தார். அருவியில் முக்கால் மணி நேரம் நின்றேன். சும்மா சொல்லக்கூடாது, வலி போன இடம் தெரியவில்லை. எல்லா வினையும் அங்கேதான்.

மூன்று மணிக்குத் தென்காசியில் டாக்டர் இரண்டு பிடிகளைக் காட்டினார். ஒன்று பென்சில் போல ஒல்லி, இன்னொன்று கட்டைவிரல் தடிமன். ஒல்லிப் பிடி பூப்போல இருந்தது. "தடியையும் எடுத்துக்கிடுமேன், சும்மாதான் கெடக்கு" என்றார். வேண்டாம் என்றேன். புத்திசாலி!

மறுநாள் ராயகிரியில் பத்தே நிமிடம். எலும்புக்கு அழுத்தம் வேண்டும். ஒல்லிப் பிடியை இறுக்கிப் பிடித்ததில் பழைய வலி இரண்டு மடங்காக வந்தது. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிப் பிடியைத் தடியாக்கினேன். வளைகுழாயின் கனத்தை உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். கைக்கு வலி குறைந்தது. ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு ஆடி ஊசி வழுக்கியது. மூன்று கொண்டை ஊசி உடைந்ததும் பிடியைப் போட்டுவிட்டு வெட்கமில்லாமல் அழுதேன்.

என் மனைவி ஞானம் மணையை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். "நீங்க கையை மட்டும் பாருங்க. காலை நான் போடுதேன்."

அன்று ஒரு மணி நேரம் வலியில்லாமல் செதுக்கினேன். என் சந்தோஷத்துக்கு அளவில்லை.

ஆகவே வாங்கப் போகிறவர்களே, கை நன்றாக இருக்கும் நேரத்தில் கருவியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்; வேலை செய்து வலிக்கிற கையோடு போங்கள். தடிப் பிடியாக வாங்குங்கள். குழாயைத் தொங்கவிடுங்கள். எலும்பை நனைத்துக்கொண்டு, மூக்கில் துணி கட்டுங்கள். முக்கியமாக, மோட்டார் உள்ளதை வாங்குங்கள்.

ஞானம் பதினோரு வருஷம் மிதித்தாள். ஒருநாள் அவள் நின்றுகொண்டே சாப்பிடுவதைப் பார்த்து ஏன் என்று கேட்டேன். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடிவதில்லை, முழங்கால் போய் நாலு வருஷம் ஆகிறது என்றாள். அந்த நாலு வருஷமும் நான் அவளுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.