எதிர்வீட்டுக்குத் தெரியும் ஜன்னல்

போன் ஒரே ஒரு முறை அடித்து நின்றது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி, இரண்டு அறை ஜன்னல்களையும் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணியைத் திணித்தாள். கட்டிலில் மகள் குனிந்து உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரி கொடியிலிருந்து துணிகளை உருவினாள். பிறகு தெரு முழுக்க ஜன்னல்கள் சாத்தப்பட்டன.

அழைத்தது கணவன். அனல்மின் நிலையத்தில், புகையிலிருந்து சாம்பலைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டிக்கு அவன் ஆபரேட்டர். வடிகட்டி நிறைய மின்சாரம் குடிக்கும். மேகமூட்டத்தில் புகையின் நிறம் வெளியே தெரியாது. அப்போது அதை நிறுத்தச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு வரும். நிறுத்துமுன் வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால். கம்பெனிக்கு அவன் செய்த ஒரே துரோகம் அதுதான்.

"வானிலை அறிக்கை எதுக்குக்கா, உங்க ஜன்னல் போதும்," என்பாள் எதிர்வீட்டுக்காரி, கைக்குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு.

தெருவிலிருந்து மேலிடத்துக்குப் புகார் போனது. சாம்பல் விழுந்த நாட்கள் அதில் சரியாக இருந்தன. ஷிஃப்ட் இன்ஜினியர் அவனைக் கொதிகலன் மாடிக்குக் கூட்டிப்போய்த் தெருவைக் காட்டினார். ஒவ்வொரு வீடும் தெரிந்தது.

"சாம்பல் விழறதுக்கு முன்னாடியே உன் வீட்டு ஜன்னல் சாத்துது. இனிமே அது தெறந்தே இருக்கணும்."

"பொண்ணுக்கு வீசிங் சார்."

"தெரியும். மருந்து நம்ம ஆஸ்பத்திரிலதான வாங்குற?"

வேலை போனால் மருந்தும் போகும். அவன் இறங்கி வந்தான்.

வியாழக்கிழமை வானம் மூடியது. அவள் எடுக்கும்வரை அவன் போனை விடாமல் அடித்தான். ஜன்னலைச் சாத்த வேண்டாம், மாடியிலிருந்து பார்ப்பார்கள், யாரிடமும் எதுவும் சொல்லாதே என்றான்.

"எதிர்வீட்ல கைக்குழந்தை இருக்குங்க."

"நம்ம புள்ளையப் பாரு."

"அதத்தான் பாத்துக்கிட்டே இருக்கோம்," என்று வைத்துவிட்டாள்.

மகளைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவடியில் ஈரத்துணியை அடைத்தாள். வெளியே எதிர்வீட்டுக்காரி துணிகளை உதறிக் காயப்போடும் சத்தம் கேட்டது. பிறகு ஜன்னலோரத் தொட்டிலில் அவள் குழந்தையைத் தூங்கவைக்கும் பாட்டு. மகள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அவள் பொத்தினாள்.

மறுநாள் விடியும்போது எதிர்வீடு பூட்டியிருந்தது. குழந்தைக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகப் பால்காரர் சொன்னார். கொடியில் துணிகள் அப்படியே கிடந்தன. அவன் காலை ஷிஃப்டுக்குப் போனான். அவள் ஜன்னல் விளிம்பில் படிந்த சாம்பலைத் துடைத்தாள். மகள் கொஞ்சம் சாப்பிட்டாள். வானம் மூடியிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது.