அழகர்கோவில் காதுகுத்து கேசட்

பேய், ஆவி, செத்தவர்கள் வந்து பேசினார்கள் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிற ஆள் நான். வெள்ளிக்கிழமை தவறாமல் திருப்பரங்குன்றத்து முருகன் சன்னதியில் நிற்கிறவள், சஷ்டி விரதம் இருக்கிறவள், எனக்குச் சாமி உண்டு, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது, எழுதுவதில் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். படித்துவிட்டு, இந்தப் பொம்பளைக்குச் சர்க்கரை கூடிப்போய் மண்டை குழம்பிவிட்டது என்று சிரிப்பீர்கள். வேறு ஒருத்தி எழுதி நான் படித்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

எனக்கு ஒரே தங்கை, மலர். அவள் மகள் தாரணிக்கு ஒரு வயதில் அழகர்கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்தினோம், ஆள் வைத்து வீடியோ எடுத்தோம். அடுத்த வருஷமே மஞ்சள் காமாலை வந்து பத்து நாளில் மலர் போய்விட்டாள். அவள் வீட்டுக்காரர் வேறு கல்யாணம் செய்துகொண்டு திருப்பூர் பக்கம் போனவர் திரும்பிப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. தாரணி எங்கள் வீட்டுப் பிள்ளை ஆனாள்.

அப்போது எங்கள் வீட்டில் வீடியோ கேசட் போடுகிற டெக் இருந்தது, கொழுந்தனார் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. பேச்சு வந்த நாளிலிருந்து தாரணிக்கு அந்தக் காதுகுத்து கேசட்தான் அம்மா. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போட்டே ஆகவேண்டும். மலருக்குக் கூச்சம் அதிகம், வீடியோக்காரர் லைட்டைத் தூக்கிக்கொண்டு கிட்டே வந்தாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள், கேசட் முழுக்கச் சேர்த்தாலும் அவள் முகம் ஒரு நிமிஷம் தெரிந்தால் பெரிது. அந்த ஒரு நிமிஷத்துக்குப் பிள்ளை ஓடிப்போய் டிவியைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுக்கும். கண்ணாடி முழுக்க எச்சில், நான்தான் துடைப்பேன். சோறு ஊட்டியது, குளிப்பாட்டியது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது எல்லாம் நான். என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். முறைப்படி அது சரிதான், குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அந்தக் கேசட் அழிந்துபோனது. எனக்கு அப்போதே சர்க்கரை இருந்தது, டாக்டர் உடம்பை அசைக்கச் சொல்லியிருந்தார், காலையில் டிவியில் வருகிற உடற்பயிற்சி நிகழ்ச்சியை ஒரு கேசட்டில் பதிந்து வைத்துக்கொண்டு வேலை முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு அதைப் பார்த்துக் கையைக் காலை ஆட்டுவேன். ஒருநாள் கேசட்டை மாற்றிப் போட்டு, காதுகுத்தின் மேலேயே உடற்பயிற்சியைப் பதிந்துவிட்டேன், தெரியாமல் நடந்துவிட்டது. என் வீட்டுக்காரரிடம் அப்படித்தான் சொன்னேன். அவர் திட்டக்கூட இல்லை, "பிள்ளைகிட்ட சொல்லிறாத, தாங்காது" என்றார். கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது, போட்டால் டெக் கெட்டுப்போகும் என்று அவளிடம் சொன்னோம். இருபது வருஷம் அதையே சொன்னோம். தூக்கிப் போட மனம் வராமல் அது பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் கிடந்தது. பெற்றவளின் அசைகிற முகம் உலகத்தில் அது ஒன்றில்தான் இருந்தது, அதை அழித்தவள் நான் என்று தெரிந்தால் இந்தப் பிள்ளை என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்குமா என்கிற பயத்திலேயே அவளை வளர்த்து ஆளாக்கினேன்.

போன தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கொட்டாம்பட்டிப் பக்கம், பள்ளிக்கூட வாத்தியார், தங்கமான பையன். எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் வீட்டுச்சாமி கும்பிடவேண்டும். பூவோடும் பொட்டோடும் போய்ச் சேர்ந்த பொம்பளைகள் பெயரில் கோடிச் சேலை, வளையல், மஞ்சள் எல்லாம் வைத்து, படையல் போட்டு, வீட்டில் மூத்த பொம்பளை பெயர் சொல்லி மூன்று தரம் கூப்பிடவேண்டும். அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான்தான் கூப்பிட்டேன். "மலரு, ஒம் மகளுக்குக் கல்யாணம்டி. வந்து சேலைய வாங்கிக்கத்தா." வருஷா வருஷம் ஆடியிலும் இப்படித்தான் கூப்பிடுகிறேன். வருவாள் என்று நினைத்தா கூப்பிடுகிறோம், வழக்கம், கூப்பிடுகிறோம்.

கும்பிட்டு முடிந்து, என் வீட்டுக்காரர் பக்கத்து வீடுகளுக்குப் பொங்கல் கொடுக்கப் போனார். பதினோரு மணி இருக்கும், வெளியில் நல்ல வெயில், தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போகிறாள். தாரணி உள்ளேயிருந்து வந்து என் கண்ணுக்கு முன்னால் ஒரு பென்டிரைவை ஆட்டினாள்.

"பெரியம்மா, இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்?"

"எனக்கென்னடி தெரியும்."

"காதுகுத்து கேசட்டு. டவுன்ல ஒரு கடையில பூஞ்சையத் தொடச்சு இதுல ஏத்தித் தாராங்க. ஒங்களுக்குத் தெரியாம பீரோவத் தொறந்து எடுத்துட்டுப் போனேன், திட்டாதீங்க."

படையலுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். வேண்டாம், நல்ல காரியத்துக்கு முன்னால் அழக்கூடாது, அப்புறம் பார்க்கலாம் என்று என்னென்னவோ சொன்னேன். "அழ மாட்டேன் பெரியம்மா" என்று சொல்லிக்கொண்டே டிவியில் சொருகிவிட்டாள். முருகா, என் மானத்தைக் காப்பாற்று என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

டிவியில் நான் பயந்ததேதான் வந்தது. பின்னால் நீலத் துணி தொங்குகிறது, சுடிதார் போட்ட பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள், ஒரு அம்மாள் "மூச்ச நல்லா இழுங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுகிறார்கள். கோடு கோடாக ஓடுகிறது, ஆனால் தெளிவாகத் தெரிகிறது. நான் தாரணி முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது திரும்புவாள், இப்போது கேட்பாள் என்று இருக்கும்போது அவள் குரல் வந்தது.

"பெரியம்மா... அம்மா எம்புட்டு அழகா இருக்கு."

நிமிர்ந்து பார்த்தேன். டிவியில் பெண்கள் இடுப்பில் கை வைத்து வளைந்துகொண்டிருக்கிறார்கள். தாரணி கன்னமெல்லாம் தண்ணீராக வழிய, வாயைப் பொத்திக்கொண்டு அதையே பார்க்கிறாள்.

"பச்சைச் சேலை. இந்த மூக்குத்திதான எனக்குக் குடுத்தீங்க? பாருங்க, மூஞ்சிய மறைக்கவே இல்ல, நேரா பாக்குது."

நம்பினால் நம்புங்கள், நான் ரெண்டு கண்ணையும் கசக்கிவிட்டுக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். உடற்பயிற்சி. "நாலு, அஞ்சு, மெதுவா கீழ." எனக்கு அது தவிர ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டதா, இல்லை எனக்கா.

"தாரணி, என்னடி பாக்குற நீ?"

"இருங்க பெரியம்மா. அம்மா பேசுது. குறுக்க பேசாதீங்க."

அதற்குப் பிறகு அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. தலையை ஆட்டுகிறாள், "ம்" என்கிறாள், ஒரு இடத்தில் சிரிக்கிறாள், ஒரு இடத்தில் "சரிம்மா" என்கிறாள். எனக்கு அந்த எண்ணுகிற குரல் மட்டும்தான் கேட்கிறது. இடையில் என் வீட்டுக்காரர் தூக்குவாளியோடு வந்து வாசல்படியில் நின்றுவிட்டார்.

"என்னத்தா, இந்நேரம் எக்சர்சைசு ஓடுது?"

"பெரியப்பா, மொதல்ல கண்ணாடியப் போட்டுட்டு வந்து பாருங்க" என்று தாரணி சிரித்தாள்.

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இருந்தார். என்னைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், சாமி படத்துக்கு முன்னால் போய் நெற்றி நிறைய விபூதியைப் பூசிக்கொண்டு வெளியில் போய்விட்டார்.

உடற்பயிற்சி முடிந்து செய்தி வந்தது, விளம்பரம் வந்தது, கடைசியில் வெறும் புள்ளிப் புள்ளியாக ஓடி நின்றது. தாரணி முகத்தைத் துடைத்துக்கொண்டு மலர் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. படையல் முன்னால் பொய்யோடு உட்கார்ந்திருக்கிறோமே என்று இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அதுல ஒங்கம்மா இல்லடி. பூஞ்சையும் பிடிக்கல, ஒண்ணும் பிடிக்கல. நான்தான் அது மேல எக்சர்சைசப் பதிஞ்சு அழிச்சுட்டேன். தெரியாம செஞ்சுட்டேன் தாயி."

அவள் கோபப்படவில்லை. தாவணி முனையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள், அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நான் துடைத்துவிட்ட மாதிரியே.

"தெரியாம இல்லன்னு அம்மா சொல்லுச்சு பெரியம்மா. வீட்டுல யாருமே இல்லையாம். கேசட்டு மேல எழுதியிருந்ததப் படிச்சுப் பாத்துட்டு, 'மலரு, மன்னிச்சுக்கடி'ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டுத்தான் உள்ள தள்ளுனீங்களாம். 'சரிக்கா'ன்னு அம்மா சொல்லுச்சாம். ஒங்களுக்குத்தான் கேக்கலையாம்."

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இந்த இடத்தில் ரெண்டு நாள் பேனாவை மூடி வைத்துவிட்டேன். உங்களிடமும் மேலே தெரியாமல் என்றுதான் எழுதினேன், பழக்கத்தில் வந்துவிட்டது, மாற்றவில்லை. அந்த ஐந்து வயதில் தாரணிக்கு விஷக்காய்ச்சல், ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கண் திறக்கவில்லை. மூன்று நாளும் என் மடிதான், பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிடந்தேன். நாலாம் நாள் விடியற்காலையில் கண்ணைத் திறந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பார்த்துவிட்டு "வீட்டுக்குப் போவோம் பெரியம்மா, அம்மா டிவில காத்துக்கிட்டிருக்கும்" என்றாள். என் வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு மாற்றுத்துணி எடுக்க நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். யாரும் தவறிப்போய் அழித்துவிடக்கூடாது என்று வீடியோ எடுக்கிறவர்கள் கேசட்டின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் சில்லை உடைத்துவிட்டுத்தான் தருவார்கள். அந்த ஓட்டையை அடைத்தால்தான் மேலே பதிய முடியும். நான் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரியை வெட்டி ஒட்டி அடைத்தேன். டிவியைப் போட்டு, என்ன ஓடுகிறதோ அது பதியட்டும், கேசட் முடிகிறவரை ஓடட்டும் என்று விட்டுவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினேன்.

பிளாஸ்திரியைப் பார்த்து அவள் ஊகித்திருப்பாள் என்று சொல்வீர்கள். சரி. நான் வாய்விட்டுச் சொன்னதை யார் கேட்டது? வீட்டில் என்னைத் தவிர ஒரு ஈ கிடையாது. கட்டின புருஷனிடம் சொன்னதில்லை. முருகனிடம்கூட நான் அதைச் சொல்லிக் கும்பிட்டதில்லை, சொல்ல வாய் வரவில்லை.

என் வீட்டுக்காரர் மறுநாள் அந்தக் கடைக்குப் போய் விசாரித்தார். "எக்சர்சைஸ் புரோகிராம்தாண்ணே இருந்துச்சு. நானே பாப்பாவுக்குப் போன் போட்டு, இது காதுகுத்து இல்லையே, ஏத்தவான்னு கேட்டேன். 'அதேதாண்ணே, ஏத்துங்க'ன்னுச்சு" என்றாராம் கடைக்காரர். அப்படியென்றால் முன்கூட்டியே தெரிந்துதான் என்னை உட்கார வைத்துப் பார்த்தாளா, என் மனசு நோகக்கூடாது என்று நடித்தாளா, இல்லை என்னை நோகடிக்கத்தானா? அவள் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. இருந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றைக்கு என் முகத்தைத் துடைத்துவிட்ட கையோடு அவள் "அம்மா, எந்திரிங்க, சாப்பிடுவோம்" என்றாள். என்னைத்தான். அன்றிலிருந்து பெரியம்மா என்ற பேச்சே இல்லை. கல்யாணத்தில் அத்தனை சனத்துக்கு நடுவிலும் அம்மா என்றுதான் கூப்பிட்டாள். கொட்டாம்பட்டியிலிருந்து தினமும் போன் போட்டு, "அம்மா, சாப்ட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்பாள். எந்தச் சொல்லுக்காக நான் அந்தப் பாவத்தைச் செய்தேனோ அது இருபது வருஷம் கழித்து என் காதில் விழுகிறது, விழும்போதெல்லாம் என் கண் மலர் படத்துக்குப் போகிறது.

இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். போன வாரம் வளைகாப்பு போட்டுக் கூட்டிவந்திருக்கிறோம். நேற்று மத்தியானம் காலை நீட்டிக்கொண்டு மாங்காய் தின்றுகொண்டே, வெயில் ஜாஸ்தி என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"இன்னும் ரெண்டு மாசந்தான் ஒங்கள அம்மான்னு கூப்பிடுவேன்."

"ஏன்டி, அப்புறம்?"

"அப்புறம் பழையபடி பெரியம்மாதான். 'நான் வார வரைக்கும் அக்காவ அம்மான்னு கூப்பிடு'ன்னுதான அன்னைக்கி அம்மா சொல்லுச்சு."

பிள்ளையாகப் பிறந்து வருகிறாளா, பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறாளா என்று நான் கேட்கவில்லை. தாரணி அடுத்த துண்டில் உப்பைத் தொட்டு வாயில் போட்டுக்கொண்டு, வயிற்றைத் தடவி, "சரிம்மா" என்றாள். என்னிடம் இல்லை.