முன்னால் நடந்த கறுப்புக் கோட்

லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இத்தனை வருடம் இருந்தும் எனக்கு ஒரு வழியும் தெரியாது. எங்கே போனாலும் என் வீட்டுக்காரர் முன்னால் நடப்பார். நான் அவருடைய கறுப்புக் கோட்டைப் பார்த்தபடி பின்னால் போவேன். அவர் காலமான பிறகு வீட்டுக்குள்ளேயே கிடந்தேன்.

"தனிய வெளிக்கிடாதேங்கோ அம்மா, துலைஞ்சு போவியள். பேசாமல் என்னோட வந்து இருங்கோ" என்று மகள் போனில் சொன்னாள்.

"ஓம் பிள்ளை" என்றேன். ஆனால் மறுநாள் காலை பூங்காவுக்குத் தனியாகப் போனேன். மழை தூறியது. திரும்பும்போது பாதை இரண்டாகப் பிரிந்தது. எது நான் வந்த பாதை என்று தெரியவில்லை. யாரையும் கேட்க வெட்கம். நனைந்தபடி நின்றேன். அப்போதுதான் இடப்பக்கம், இலையெல்லாம் கொட்டிய ஒரு மரத்தில் காகக் கூடு தெரிந்தது. வரும்போது அதை அண்ணாந்து பார்த்திருந்தேன். முன்னால் பார்க்க ஒருவரும் இல்லாததால் பார்த்திருப்பேன். அந்தப் பக்கமாக நடந்து வீடு வந்து சேர்ந்தேன்.

போன் அடித்தது.

"எங்கை போனனீங்கள்?"

"பார்க்குக்கு. தனியத்தான்."

"மழைக்குள்ளையோ? அப்பா இருந்தால் விட்டிருப்பாரோ?"

"விட்டிருக்க மாட்டார். நான் உங்கை வரேல்லை, இங்கையே இருக்கிறன், பிள்ளை."

போனை வைத்தேன். என் ஈரக் கோட்டை அவருடைய காய்ந்த கோட்டுக்குப் பக்கத்தில் மாட்டினேன்.